இல்லிக்குடமும் கழற்குடமும்: கோலார் தங்கவயல் நடுநிலை வகுப்புகளில் ஆங்கிலங்கற்றலும் ஆசிரியக் கடனும்

நன்னூல் இயற்றப்பெறுவதற்குக் காரணமாயிருந்தவன் சீயகங்கன் என்பதை அந்நூலின் சிறப்புப்பாயிரம் உரைக்கிறது. மூன்றாம் குலோத்துங்க சோழன் காலத்துச் சிற்றரசனாகிய அவனைக் கல்வெட்டுகள் குவலாளபுரத்துத் தலைவன் என்று சிறப்பிக்கின்றன. குவலாளபுரம் இன்றைய கோலார். கங்கர் தம் பழந்தலைநகரின் பெயரை விருதாகச் சுமந்து வந்தனர் என்பதற்கு மேல், பவணந்தி முனிவரை அவ்வூரோடு பொருத்திக் காண இடமில்லை. எனினும் ஆசிரியர்க்கும் மாணாக்கர்க்கும் விரிவாக இலக்கணம் வகுத்த தமிழ் நூலொன்றின் புரவலன் தன் பெயரோடு இணைத்துக்கொண்ட ஊருக்கு ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவில், தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட பல்லாயிரம் குழந்தைகள் இன்று பள்ளிக்குச் செல்கின்றனர். அவர்களுள் பலர் தமிழில் ஒரு வரி எழுதக் கற்பதில்லை. ஆங்கிலத்தில் எழுதக் கற்கின்றனர். எழுதியதன் பொருளை அறியும் வாய்ப்பு அனைவர்க்கும் வாய்ப்பதில்லை.

தொடக்க வகுப்புகளைக் கடந்து நடுநிலை வகுப்பிற்கு வந்துவிட்ட குழந்தை, பாடநூலின் மொழி விளங்காமல் நிற்குமாயின், அக்குழந்தைக்குப் பள்ளி அளிக்கும் துணைப்பயிற்சியை எவ்வாறு கருதுவது? மெலிந்தோர்க்கு இரங்கி இடும் உதவியாகவா, கொடுக்க வேண்டியதைக் கொடுக்கும் கடனாகவா? இவ்வினாவைத் தங்கவயலின் சூழலில் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். கல்வியியலார் இதனைப் பயிற்றுமுறைச் சிக்கலாகவே பெரிதும் நோக்கி வந்துள்ளனர். இதனுள் ஓர் அறச்சிக்கல் உண்டு என்பதும், அதனை ஆராயத் தமிழ் மரபில் கருவிகள் உண்டு என்பதும் இங்குக் கருதத்தக்கன.

தங்கவயலும் அதன் மொழிகளும்

1880 ஆம் ஆண்டு ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம் சுரங்கப் பணியை மேற்கொண்டது முதல் வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து உழைப்பாளர் பெருந்தொகையினராய் வந்து குடியேறினர். அவர்களுள் பெரும்பான்மையோர் தமிழ் பேசும் ஒடுக்கப்பட்ட மக்கள். மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப், ஆண்டர்சன்பேட்டை, இராபர்ட்சன்பேட்டை ஆகிய இடப்பெயர்களே அவ்வூரின் மொழிக்கலப்பைக் காட்டும். மைசூர் அரசின் நிலம், ஆங்கிலேயர் நிருவாகம், தமிழர் உழைப்பு, தெலுங்கும் உருதும் பேசும் அண்டை வீட்டார். கன்னடம் அரசு அலுவலகத்தில் ஒலித்தது. ஆங்கிலம் நிறுவன அலுவலகத்தில் ஒலித்தது. தமிழ் குடியிருப்பு வரிசைகளில் ஒலித்தது.

சுரங்கத் தொழிலாளியின் பேச்சில் ஷாஃப்ட், லெவல், ஸ்டோப் முதலிய சொற்கள் இயல்பாக வழங்கின. பாறை அழுத்தம் தாளாமல் வெடித்துச் சிதறும் பேரிடரை அவர்கள் 'ராக் பர்ஸ்ட்' என்ற பெயராலேயே அறிந்திருந்தனர். இச்சொற்களை அவர்கட்கு எப்பள்ளியும் கற்பிக்கவில்லை. பொருளை முதலில் கண்டனர். பெயர் பின்னர் வந்தது. பொருளறியாச் சொல் ஒன்றும் அவர்கள் நாவில் இல்லை. அவர்களின் கொள்ளுப் பேரர்கள் இன்று வகுப்பறையில் ஆங்கிலம் கற்கும் முறை இதற்கு நேர்மாறானது. அங்குச் சொல் முதலில் வருகிறது. பொருள் பின்னர் வரலாம், வராமலும் போகலாம்.

இம்மக்களை 'முதல் தலைமுறையாகக் கற்போர்' என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுவதும் பொருந்தாது. அயோத்திதாசப் பண்டிதர் 1907 இல் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' இதழ், அவர் மறைவிற்குப் பின்னர், 1926 முதல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்தே வெளிவந்தது. பௌத்த சங்கங்களும் அவற்றைச் சார்ந்த பதிப்பு முயற்சிகளும் அங்கு வேரூன்றியிருந்தன. சமயம், வரலாறு, சாதி மறுப்பு ஆகியன பற்றிய கட்டுரைகளைத் தொழிலாளர் குடியிருப்புகளில் வாசித்தோரும் வாசிக்கக் கேட்டோரும் இருந்தனர். 1930 ஆம் ஆண்டு சுரங்கத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்திற்குக் காரணமாயமைந்தவற்றுள் கைரேகைப் பதிவு முறையும் ஒன்று. விரல் அடையாளத்தைப் பதிய மறுத்த சமூகமும் எழுத்தை நாடிச் சென்ற சமூகமும் ஒன்றே என்பது நோக்கத்தக்கது.

1956 இல் மைசூர் அரசும் 1962 இல் நடுவண் அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972 இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் உருவானது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. அதன் பின்னர் ஊரின் உழைப்பு பெங்களூருக்கு இடம்பெயர்ந்தது, உழைப்போர் இடம்பெயரவில்லை. விடியுமுன் மாரிக்குப்பத்தில் தொடர்வண்டி ஏறி, ஏறத்தாழ 100 கி.மீ. சென்று, இரவில் திரும்புவது பல்லாயிரவரின் அன்றாட வாழ்வாயிற்று. பெங்களூரில் கட்டட வேலை, காவல் வேலை, துப்புரவு வேலை ஆகியவற்றுக்கும் சற்றே மேலான வேலைகளுக்கும் இடைநின்ற வேலி எது என்பதை இப்பெற்றோர் நாள்தோறும் கண்டனர். அது ஆங்கிலம். ஆகவே குழந்தைகளை ஆங்கிலவழி வகுப்புகளில் சேர்த்தனர். தமிழ்வழி வகுப்புகள் மெலிந்தன.

இதனைத் தாய்மொழிப் பற்றின்மை என்று பழிப்பது எளிது. ஆங்கிலத்தைச் சாதிய இழிவிலிருந்து வெளியேறும் வாயிலாகக் காணும் நோக்கு ஒடுக்கப்பட்ட மக்களிடையே நாடெங்கும் காணப்படுகிறது. உத்தரப் பிரதேசத்தின் பாங்கா என்னும் சிற்றூரில் 2010 இல் ஆங்கிலத்தைத் தேவியாக்கிக் கோயில் எழுப்ப முற்பட்டது அதன் உச்சம். தம் பேரக்குழந்தைகளை ஆங்கிலவழியில் சேர்த்துவிட்டுத் தங்கவயல் பெற்றோர்க்குத் தாய்மொழிக் கல்வியின் மேன்மையை எடுத்துரைக்கும் தமிழறிஞர்கள் இவ்விடத்துச் சற்றுத் தயங்குதல் நன்று.

அறிவின்மையும் மொழியின்மையும்

திருக்குறளின் கல்வி அதிகாரம் எண்ணையும் எழுத்தையும் உயிர்களுக்குக் கண்களாகக் காட்டும். இன்றைய கல்வியாளர் 'அடிப்படைத் திறன்' என்று வழங்குவதும் இவ்விரண்டையே. ஆங்கிலவழி வகுப்பில் இவை ஒன்றன்மேல் ஒன்று கவிந்து நிற்கின்றன. எழுத்து என்னும் கண் மறைந்தால் எண் என்னும் கண்ணும் மறைகிறது.

ஆறாம் வகுப்புக் கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒருவரிடம் 45 மாம்பழங்கள் இருந்தன, 28 விற்றுவிட்டன, எத்தனை 'லெஃப்ட்' என்று வினா அமைகிறது. 'லெஃப்ட்' என்றால் இடப்பக்கம் என்று கற்ற குழந்தை, மாம்பழத்திற்கும் இடப்பக்கத்திற்கும் என்ன தொடர்பு என்று மயங்கும். அதே குழந்தையைக் கடைக்கு அனுப்பினால் மீதிச் சில்லறையைப் பிழையின்றி எண்ணி வாங்கிவரும். 'டேபிள்' என்பது மேசையும் ஆகும், வாய்ப்பாடும் ஆகும், அட்டவணையும் ஆகும். ஒரு சொல் பல பொருள் தரும் நிலையைத் தமிழில் குழந்தை எளிதில் கையாள்கிறது. சூழல் அதற்குத் துணை நிற்கிறது. ஆங்கிலப் பாடநூலில் அச்சூழலும் அறியா மொழியிலேயே அமைகிறது.

சொல்லினும் தொடரமைப்பு மிகுந்த இடர் தரும். தமிழில் பெயரெச்சம் தான் தழுவும் பெயருக்கு முன்னே நிற்கும். ஆங்கிலத்தில் விளக்கத் தொடர் பெயருக்குப் பின்னே வரும். தமிழில் வேற்றுமை உருபு பெயரின் இறுதியில் ஒட்டும். ஆங்கிலத்தில் அதன் பணியைச் செய்யும் சொல் முன்னால் தனித்து நிற்கும். 'நீரில் கரையும் பொருள்கள்' என்பதைக் கேட்டவுடன் உணரும் குழந்தை, அதே கருத்தை ஆங்கிலத் தொடரில் காணும்போது எல்லாவற்றையும் தலைகீழாக அடுக்கிப் பார்க்க வேண்டியுள்ளது. இவ்வேறுபாட்டை எவரும் அதற்குச் சொல்லித் தருவதில்லை. ஒப்பிலக்கணம் முதுகலை வகுப்பில் பயிற்றப்படுகிறது. அதன் பயன் மிகத் தேவையான ஆறாம் வகுப்பை அது எட்டுவதேயில்லை. கன்னடம் இத்தகைய இடரைத் தமிழ்க் குழந்தைக்குத் தருவதில்லை; எழுத்து வேறாயினும் தொடரின் போக்கு ஒன்றே. அக்கன்னடப் பாடத்தைக்கூட ஆங்கிலத்திற்குச் செல்லும் வழியில் ஒரு படியாகப் பயன்படுத்தலாம்.

இரண்டாம் மொழி கற்றல் பற்றி ஆராய்ந்த கனடா நாட்டு அறிஞர் ஜிம் கம்மின்ஸ், உரையாடல் மொழித்திறனையும் பாடமொழித் திறனையும் 1979 இல் வேறுபடுத்திக் காட்டினார். முன்னது ஏறத்தாழ இரண்டாண்டுகளில் கைகூடும். பின்னதற்கு ஐந்தாண்டுகளோ அதற்கு மேலோ ஆகும். ஆங்கிலம் பேசும் சூழலில் வாழும் புலம்பெயர்ந்தோர் குழந்தைகளை வைத்துக் கூறப்பட்ட கணக்கு இது. பள்ளி வாயிலைத் தாண்டினால் ஆங்கிலம் கேளாத மாரிக்குப்பத்தில் இக்கணக்கு இன்னும் நீளும். ஆயின் நடுநிலை வகுப்பின் அறிவியலும் வரலாறும் பாடமொழித் திறன் ஏற்கெனவே கைவந்துவிட்டது என்ற எடுகோளிலேயே எழுதப்பட்டுள்ளன.

இவ்விடர் ஆங்கிலவழிக்கு மட்டும் உரியதென்று கொள்ளவும் இயலாது. 2022 ஆம் ஆண்டின் ஏசர் கணக்கெடுப்பின்படி நாட்டின் ஊரகப் பகுதிகளில் 8 ஆம் வகுப்புக் குழந்தைகளுள் ஏறத்தாழ 70 விழுக்காட்டினரே 2 ஆம் வகுப்பு நிலையிலான பகுதியைப் படிக்க வல்லவர். தங்கவயல் நகர்ப்பகுதியாதலின் அக்கணக்கெடுப்பில் இடம்பெறாது. தாம் பேசும் மொழியிலேயே படிக்கத் தடுமாறும் குழந்தைகள் நாட்டில் இத்துணையர் என்றால், பேசாத மொழியில் படிப்போர் நிலையை ஊகித்தறியலாம்.

அரசுகள் இதனை உணராமலில்லை. நடுவண் அரசின் 'நிபுண் பாரத்' 2021 இலும் தமிழ்நாட்டின் 'எண்ணும் எழுத்தும்' 2022 இலும் தொடங்கப்பெற்றன. இரண்டும் 3 ஆம் வகுப்பை எல்லையாகக் கொண்டு தொடங்கியவை. அவ்வெல்லையைத் திறனின்றிக் கடந்துவிட்ட குழந்தை திட்டங்களுக்கு அப்பாற்பட்டதாகிறது. தமிழ்நாடு 2025 இல் நடுநிலை வகுப்பினரையும் உள்ளடக்கித் 'திறன்' என்னும் திட்டத்தை வகுத்தது. அது மாநில எல்லையைத் தாண்டித் தங்கவயலுக்கு வாராது.

இந்நிலையில் தேர்வு ஒன்று நிகழ்கிறது. உராய்வு என்றால் என்ன என்று தமிழில் கேட்டால், மாட்டுவண்டிச் சக்கரத்தையும் மிதிவண்டித் தடையையும் காட்டி விடையிறுக்கக் கூடிய சிறுமி, ஆங்கில வினாவின் கீழ் ஒன்றும் எழுதாமல் தாளைத் தருகிறாள். அவளுக்கு அறிவியலில் சுழி இடப்படுகிறது. அவளிடம் இல்லாதிருந்தது ஆங்கிலம். இல்லையென்று பதிவானது அறிவியல். அறச்சிக்கல் இங்கேதான் தோன்றுகிறது. பள்ளி தான் கற்பிக்காத ஒன்றைத் தேர்வில் வினவி, அதில் அவள் தோற்றதை வேறொன்றின் தோல்வியாக எழுதிவைக்கிறது. அளவைநூலார் இதனை ஏதுப்போலி என்பர். தருக்கத்தில் அது பிழை. ஒரு குழந்தையின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் ஏட்டில் அது அநீதி.

நன்னூல் காட்டும் வரிசை

நன்னூலின் பொதுப்பாயிரம் மாணாக்கரைத் தலை, இடை, கடை என மூவகைப்படுத்திக் கடைமாணாக்கர்க்கு இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியவற்றை உவமை கூறும். இல்லிக்குடம் என்பது ஓட்டைக் குடம். வார்த்த நீர் வார்த்தவுடன் ஒழுகிவிடும். 'எவ்வளவு சொன்னாலும் இவர்கட்கு ஏறாது' என்று இன்றைய ஆசிரியர் ஓய்வறைகளில் கூறப்படுவது இவ்வுவமையின் உரைநடை வடிவமே.

ஆயின் அதே பாயிரம் வேறொரு குடத்தையும் காட்டுகிறது. ஆசிரியர் ஆகாதார்க்குக் கூறப்பட்ட நான்கு உவமைகளுள் கழற்குடம் ஒன்று. கழற்சிக்காய்களை ஒவ்வொன்றாக இட்டு நிரப்பிய குடத்தைக் கவிழ்த்தால், இட்ட முறை மாறி அவை ஒருங்கே கொட்டும். முறையாகக் கற்றதை முறைபிறழக் கொட்டும் ஆசிரியர் அக்குடம் போல்வார். ஏனைய மூன்றும் எண்ணத்தக்கன. மடற்பனை தானாக உதிர்த்தாலன்றிப் பிறர் ஏறிக் கொள்ள விடாது. பருத்திக்குண்டிகை அடைப்பதற்கும் அரிது, எடுப்பதற்கும் அரிது. முடத்தெங்கு ஒருவர் நீர் வார்க்க மற்றொருவர்க்குக் காய் உதிர்க்கும். ஒரு நூற்றாண்டுக்கு மேல் வியர்வை வார்த்த ஊரில், பொன் வேறெங்கோ சென்று சேர்ந்த பின்னர், பள்ளியும் முடத்தெங்காகிவிடலாகாது என்று எண்ணத் தோன்றுகிறது.

நீர் தங்கவில்லை. எக்குடத்தின் குறை? இதனைத் தீர்க்கப் பொதுப்பாயிரத்தின் வரிசை உதவும். நூல், நுவல்வோன், நுவலும் திறன், கொள்வோன், கோடற்கூறு என்ற ஐந்தையும் இம்முறையிலேயே பவணந்தியார் வைக்கிறார். கற்பிக்கும் திறனுக்குப் பின்னரே கற்போன் இலக்கணம் வருகிறது. கொள்வோன் எவ்வாறு கொள்ள வல்லவன் என்பதை அறிந்து, அவன் உள்ளம் ஏற்குமாறு உரைப்பதே நுவலும் திறனின் இலக்கணமாகச் சொல்லப்படுகிறது. இவ்வரிசையைத் தற்செயலானது என்று தள்ளுவதினும் பொருளுடையதாகக் கொள்வதே பொருத்தம். நுவலும் திறன் நிறைவேறிய பின்னரன்றிக் கொள்வோனை இல்லிக்குடம் என்று தீர்ப்பிட எவர்க்கும் உரிமை இல்லை. விளங்காத மொழியில் வார்த்த நீர் குடத்தினுள் சென்றதா என்பதே ஐயம். செல்லாத நீர் ஒழுகுவது எவ்வாறு?

இடைமாணாக்கர்க்குக் கூறிய உவமைகளுள் ஒன்று கிளி. சொல்லிக் கொடுத்ததையன்றி வேறு சொல்லாது. தங்கவயலில் மட்டுமன்றி நாட்டின் பல ஆங்கிலவழி வகுப்புகளிலும் கிளியே இன்று தலைமாணாக்கர் நிலையைப் பெற்றுவிட்டது. பாடப்பகுதியைத் தடையின்றி உரக்கப் படிக்கும் குழந்தை திறன் பெற்றதாக எண்ணப்படுகிறது. வாய் படித்ததை மனம் படித்ததா என்று வினவுவார் அரியர்.

இவற்றினும் நுட்பமானது கோடற்கூறு பற்றிய பகுதி. ஆசிரியர் உரைத்ததை நன்கு கேட்டுக்கொண்டாலும் கற்போனுக்குக் கிட்டுவது கால்பங்கே. உடன் பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு கால்பங்கு. பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கு என்பது அந்நூலின் கணக்கு. இக்கணக்கை ஆங்கிலவழி வகுப்பறையில் இட்டுப் பார்க்கலாம். உடன் பயில்வாரோடு பழகும் மொழி தமிழ். பிறர்க்கு எடுத்துரைக்கக் குழந்தையிடம் உள்ள மொழியும் தமிழ். வகுப்பில் தமிழ் பேசலாகாது என்று விதிக்கும் பள்ளி, ஒரே விதியால் முக்கால் பங்குக் கல்வியை வெளியே நிறுத்திவிடுகிறது. எஞ்சிய கால்பங்கும் விளங்காத மொழியில் நிகழ்கிறது.

நன்னூலை இவ்வாறு துணைக்கொள்வதற்கு ஒரு வரையறை உண்டு. இலக்கணம் பயில வந்தவர்களை நோக்கிய நூல் அது. குழந்தைக் கல்வியை நோக்கியதன்று. மேலும் அது மாணாக்கர் ஆகாதார் என ஒரு பட்டியலும் தருகிறது. கள்வன், சோம்பன் முதலியோரோடு பிணியாளனும் மந்தனும் ஏழையும் அப்பட்டியலில் உள்ளனர். ஏழை என்பதற்குப் பொருள் எதுவாயினும், மந்த அறிவினனைக் கற்பிக்கத் தகாதவன் என ஒதுக்கும் உரிமை அக்காலத்து ஆசிரியர்க்கு இருந்தது. இன்று அவ்வுரிமை இல்லை. 2002 ஆம் ஆண்டின் 86 ஆம் திருத்தத்தால் அரசமைப்பில் இடம்பெற்ற 21ஏ பிரிவு, 6 முதல் 14 வயது வரையுள்ள எக்குழந்தையையும் மாணாக்கர் ஆகாதார் வரிசையில் வைக்க இடந்தரவில்லை. இங்கு நன்னூலை விட்டு விலகியே ஆக வேண்டும். சட்டம் அழித்த பட்டியலைப் பள்ளிகள் 'மெல்லக் கற்போர்' என்ற மெல்லிய பெயரால் மீண்டும் எழுதிக்கொள்வதும் மறைவாக நிகழ்வதன்று. கடைசி இருக்கை வரிசையே அப்பட்டியல்.

தெரிவும் கடப்பாடும்

'ஆங்கிலவழியைத் தெரிந்தெடுத்தவர் பெற்றோர். அதன் விளைவும் அவர்களைச் சேர்ந்தது' என்பது பள்ளிகளின் பொதுவான விடை. இவ்விடைக்குச் சட்டவழியும் ஒரு வலு உண்டு. கர்நாடக அரசு 1994 இல் தொடக்க வகுப்புகளில் தாய்மொழியோ கன்னடமோ பயிற்றுமொழியாக வேண்டும் என ஆணையிட்டது. உயர்நீதிமன்றம் 2008 இல் தனியார் பள்ளிகளைப் பொறுத்து அதனை ஏற்க மறுத்தது. 2014 மே 6 அன்று உச்சநீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு, பயிற்றுமொழியை அரசு திணிக்க இயலாது என்றும், குழந்தையின் தாய்மொழி எது என்பதைத் தீர்மானிப்பவர் பெற்றோரே என்றும் தீர்ப்பளித்தது. தாய்மொழி என்பது பிறப்பால் அமைவது என்று எண்ணிவந்த மொழியியலார்க்கு அது தெரிவுக்குரியது என்னும் கருத்து வியப்பளிக்கலாம். அது வேறொரு கட்டுரைக்குரிய பொருள்.

தெரிவு கடப்பாட்டை நீக்குமா என்பதே இங்கு வினா. அறுவை மருத்துவத்திற்கு இசைந்த நோயாளி, மயக்க மருந்தின்றி அறுக்கப்படுவதற்கு இசைந்தவர் ஆகார். ஆங்கிலவழிக்கு இசைந்த பெற்றோர் தம் குழந்தை ஆங்கிலம் கற்க வேண்டும் என்பதற்கு இசைந்தனர். கற்பிக்கப்படாமல் ஆங்கிலத்தில் விடப்படுவதற்கு அவர்கள் இசையவில்லை. மாறாக, ஆங்கிலவழி என்று பெயர்ப்பலகை எழுதிச் சேர்க்கை நடத்தும் பள்ளி, ஆங்கிலம் அறியாக் குழந்தையை அறிந்தே ஏற்கிறது. அறிந்து ஏற்றதனாலேயே ஆங்கிலத்தைக் கைக்கு எட்டச் செய்யும் பொறுப்பும் அதனைச் சேர்கிறது. தெரிவு இக்கடப்பாட்டைக் கூட்டுகிறதேயன்றிக் குறைக்கவில்லை. தெரிவு செய்தவள் அச்சிறுமியல்லள் என்பதையும் மறத்தலாகாது.

இதே வழக்கு வேறொரு நாட்டில் நேரடியாகவே எழுந்தது. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஆங்கிலம் அறியாச் சீன வழிக் குழந்தைகள் ஏறத்தாழ 1,800 பேர் மொழித் துணைப்பயிற்சி ஏதுமின்றி வகுப்புகளில் அமர்த்தப்பட்டிருந்தனர். 'லா எதிர் நிக்கல்ஸ்' என்னும் வழக்கில் 1974 இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம், ஒரே நூலும் ஒரே ஆசிரியரும் ஒரே வகுப்பும் அளித்துவிடுவதால் மொழி விளங்காக் குழந்தைக்குச் சமநிலை கிட்டிவிடாது என்ற முடிவிற்கு வந்தது. அவ்வழக்கின் குழந்தைகள் புலம்பெயர்ந்தோர் வழியினர். அவர்களைச் சூழ்ந்து ஆங்கிலம் இருந்தது. தங்கவயலின் குழந்தைகள் நான்கைந்து தலைமுறையாக அவ்வூரினர். அவர்களைச் சூழ்ந்து ஆங்கிலம் இல்லை. இவ்வேறுபாடு தங்கவயலின் கோரிக்கையை வலுப்படுத்தவே செய்யும்.

இந்தியச் சட்டம் இத்தகைய கடப்பாட்டைச் சொல்லாமலில்லை. 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 24 ஆம் பிரிவில் ஆசிரியர் கடமைகளை வரிசைப்படுத்துகிறது. ஒவ்வொரு குழந்தையின் கற்கும் ஆற்றலையும் மதிப்பிட்டு, தேவைப்படின் கூடுதலாகக் கற்பிக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. நன்னூல் நுவலும் திறனாகக் கூறியதை ஏறத்தாழ எட்டு நூற்றாண்டுகளுக்குப் பின்னர் நாடாளுமன்றம் கடமையாக்கியது எனலாம். ஆயின் அதற்கு முந்தைய உட்பிரிவே, பாடத்திட்டம் முழுவதையும் குறித்த காலத்திற்குள் முடிக்க வேண்டும் என்கிறது. இரண்டு கடமைகளும் ஒரே பாடவேளையில் மோதுகின்றன. முடிக்காத பாடம் ஆய்வு அலுவலர் கண்ணில் படும். விளங்காத பாடம் எவர் கண்ணிலும் படாது. ஆசிரியர் எதனைத் தேர்வர் என்று கூற வேண்டியதில்லை. இம்மோதலைத் தனி ஆசிரியரின் மனச்சான்றிடம் விட்டுவிடுவது முறையன்று. மோதும் இரண்டனுள் எது முந்தியது என்பதைப் பள்ளியும் அரசும் வரையறுக்க வேண்டும். கற்பித்தல் நிகழாத பாடம் முடிந்ததாகக் கொள்ளப்படுவது சொல்லளவிலேயே முரண்.

வகுப்பறையில்

நடுநிலை வகுப்பில் இக்கடனை நிறைவேற்றுவதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. பாடத்தின் கருத்தை முதலில் தமிழில் உரையாடி, பின்னர் ஆங்கிலப் பகுதிக்குச் செல்லலாம். ஒவ்வொரு பாடத்திற்கும் இன்றியமையாச் சொற்கள் இருபதனுக்கு ஆங்கிலம், கன்னடம், தமிழ் என மும்மொழிப் பட்டியல் அமைக்கலாம். இருவர் இருவராக அமர்ந்து தம் மொழியில் விளக்கிக்கொண்டு ஆங்கிலத்தில் எழுதச் செய்யலாம். நன்னூல் கூறிய அரைப்பங்கு அதனால் மீளும். வாசிப்பைப் பொறுத்தமட்டில், நாளின் ஒரு மணிநேரம் வகுப்பைக் கலைத்து, வயதை விடுத்துத் திறன்நிலை கொண்டு குழு அமைக்கும் முறையைப் பிரதம் என்னும் தன்னார்வ அமைப்பு பல மாநிலங்களில் நடைமுறைப்படுத்தியுள்ளது.

இதற்கு எழக்கூடிய தடைகளுள் இரண்டு வலியன. ஒன்று, தனிக்குழு என்பது தாழ்ந்த குழு என்ற இழிவைத் தரும் என்பது. பன்னிரண்டு வயதுக் குழந்தை இரண்டாம் வகுப்பு நூலைக் கையில் ஏந்தி வராந்தாவில் அமர நாணும். அந்நாணம் மெய்யானது, அதனைப் புறக்கணித்த துணைப்பயிற்சிகள் பெரும்பாலும் தோற்றதில் வியப்பில்லை. எல்லாக் குழந்தைகளும் அம்மணிநேரத்தில் இடம் மாறுவராயின் எவரும் தனித்து நிற்பதில்லை. அவ்வயதுக்கேற்ற பொருளும் எளிய மொழியும் கொண்ட நூல்களும் வேண்டும். சுரங்கத்தின் வரலாறு, சயனைடு மேடுகள், மாரிக்குப்பம் வண்டி ஆகியவற்றை எளிய ஆங்கிலத்தில் எழுதித் தருவது தமிழ்த்துறையும் ஆங்கிலத்துறையும் இணைந்து செய்யத்தக்க பணி. பொருளை முன்னரே அறிந்த குழந்தைக்குப் பெயர் பின்னர் வந்து சேரும்.

மற்றது தமிழறிஞர் பக்கமிருந்து எழுவது. இத்துணையும் ஆங்கிலத்திற்குச் செய்வானேன், தமிழ்வழியில் சேர்த்தால் சிக்கலே இல்லையே என்பர். தொடக்க வகுப்பைப் பொறுத்து இது பெரிதும் உண்மை. அரசமைப்பின் 350ஏ பிரிவு தொடக்கநிலையில் தாய்மொழிக் கல்விக்கு வசதி செய்யுமாறு மாநிலங்களைப் பணிப்பதும் அதனாலேயே. ஆயின் இன்று ஏழாம் வகுப்பில் ஆங்கிலத்தின்முன் வாய்மூடி அமர்ந்திருக்கும் குழந்தைக்கு அவ்விடை ஏழாண்டு தாமதமானது. அக்குழந்தைக்குத் தமிழைக் கருவியாக்கித் தருவது இயலும். ஒரு மொழியில் பெற்ற வாசிப்புத்திறன் மற்றொரு மொழிக்குத் துணையாகும் என்பதையும் கம்மின்ஸ் வலியுறுத்தினார். ஆகவே ஆங்கிலவழியில் பயிலும் தங்கவயல் குழந்தைக்கு வாரத்தில் சில பாடவேளைகள் தமிழ் எழுத்தும் வாசிப்பும் கற்பிப்பது ஆங்கிலத்திற்கு எதிரானதாகாது. அவளது தெருவில் பெயர்ப்பலகையிலும் சுவரொட்டியிலும் திருமண அழைப்பிதழிலும் தமிழெழுத்து பரந்து கிடக்கிறது. விலையின்றிக் கிடைக்கும் பாடநூல் அது. அவளால் அதைப் படிக்க இயலாமற் செய்துவிட்டு, ஆங்கில நூலுக்குக் கட்டணம் பெறுவது வியப்பிற்குரியதே.

ஆசிரியர் நிலையும் கருதத்தக்கது. வீட்டுமொழி தமிழ், தெலுங்கு, உருது, கன்னடம் என நான்காய்ப் பிரிந்த வகுப்பில், தாமும் ஆங்கிலத்தில் முழுத்தேர்ச்சி பெறாத ஒருவரிடம் இவையனைத்தையும் எதிர்பார்ப்பது அவரையும் இல்லிக்குடமாக்குவதே. கற்பிக்கும் மொழியில் அவர்க்கே துணைப்பயிற்சி அளிக்காத நிருவாகம், அவரிடமிருந்து குழந்தைக்குத் துணைப்பயிற்சி பெறுவது அரிது. கடன் என்பது குழந்தையிடமிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு படியாக ஏறிச் செல்வது.

அச்சட்டத்தின் 24 ஆம் பிரிவில் இறுதியாக ஒரு கடமையும் உண்டு. பெற்றோரை ஒழுங்காகக் கூட்டி, குழந்தையின் வருகை, கற்கும் ஆற்றல், முன்னேற்றம் ஆகியவற்றை ஆசிரியர் அவர்கட்குத் தெரிவிக்க வேண்டும். தங்கவயலில் அப்பெற்றோருள் பலர் விடியுமுன் வண்டியேறி இருட்டிய பின்னர் திரும்புவோர். கூட்டம் பகலில் நிகழ்கிறது. வருவோர் பெரும்பாலும் பாட்டியர். ஆங்கிலத்தில் அச்சிட்ட மதிப்பெண் அட்டை அவர்கள் கையில் தரப்படுகிறது. கையொப்பம் இடத் தெரியாதார்க்கு மைப்பெட்டி நீட்டப்படுகிறது. தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எம்மொழியில், எந்நேரத்தில் என்று சொல்லவில்லை.